பரியொடு வழிச்செல்வார் கடன்

மக்கள் வழிச்செல்லுங்கால் தமக்கு வேண்டுவனவற்றைத் தாமே தேடிக் கொள்வர். பசித்தால் உண்பர், விடாய் எழுந்தால் நீர் கேட்பர், உடல்நலம் குன்றின் இன்ன இடத்தில் நோகின்றது என்று வாய்விட்டு உரைப்பர். குதிரைக்கோ அவ்வாய்ப்பு இல்லை. தான் செல்லும் ஊர் யாதென அஃது அறியாது. செல்லும் நாழிகை எத்துணை எனவும் அறியாது. நோவு நேரின் அதனை எடுத்துச் சொல்லும் நாவும் பெற்றிலது. ஆகலின், குதிரையொடு வழிச்செல்லும் ஒருவன் இருவர்க்குரிய சிந்தனையைத் தான் ஒருவனே மேற்கொள்ள வேண்டியவனாகின்றான். அச்சிந்தனை எவ்வெவற்றைப் பற்றியது, அதனை எப்பொழுது தொடங்குதல் வேண்டும், அதனைத் தவறவிட்டார்க்கு நேர்வது யாது என்பனவற்றை விளக்குதலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

“மோட்டாரும் வானூர்தியும் மலிந்த இந்நாளில் குதிரையைப் பற்றிய ஆராய்ச்சி எற்றிற்கு?” என்று நண்பர் சிலர் வினவக்கூடும். குதிரை மனிதனைச் சுமந்த காலம் பெரும்பாலும் கழிந்தது என்பது உண்மையே. ஆயின், மனிதன் குதிரையைச் சுமக்கும் காலம் இது. காவற்படைக்கும், பந்தயத்திற்கும், திருவிழாவிற்கும், சந்தைக்குமாகக் குதிரைகள் இன்றும் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திங்களிற் கூடும் கால்நடைச் சந்தை குதிரைகட்குப் பெயர் பெற்றதென்பதை நம்மிற் பலர் அறிவர். முற்காலத்தில் தன் கால்களால் நடந்து சென்ற விலங்கு இக்காலத்தில் லாரியில் நின்றவாறே நெடுந்தொலைவு செல்கின்றது. நடந்து செல்லும் குதிரை களைத்தால் நின்றுவிடும். ஏற்றிச் செல்லப்படும் குதிரைக்கு அவ்வுரிமையும் இல்லை. ஆதலால் இக்காலத்தில் நம் கவனம் முன்னினும் மிகுதல் வேண்டுமேயன்றிக் குறைதல் கூடாது.

இதனை யாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற விடுமுறையில் யாமும் எம் விடுதித் தோழர் இருவரும் சிற்றூர்ச் சந்தையொன்றைக் காணச் சென்றிருந்தோம். நெடுந்தொலைவிலிருந்து வந்த லாரி ஒன்றினின்றும் செந்நிறக் குதிரை ஒன்றை இறக்கினர். அதன் தலை லாரியின் மேற்கம்பியோடு உயர்த்திக் குறுகக் கட்டப்பட்டிருந்தது. இறங்கிய குதிரை தீனியை முகர்ந்தும் பாராமல், மூக்கில் நீர் வடிய, விலா ஒடுங்கி விரிய மூச்செறிந்து நின்றது. “வழிக்களைப்பு, நாளை சரியாகிவிடும்” என்றார் உடையவர். அருகிருந்த முதிய குதிரைக்காரர் ஒருவர் எம்மை நோக்கி, “தம்பிகளே, களைத்த குதிரை தலையைத் தாழ்த்தித் தூங்கும், இது தூங்கவில்லை, மூச்சுக்குப் போராடுகின்றது” என்றார். மூன்றாம் நாள் அக்குதிரை இறந்ததென்று கேள்வியுற்றோம். அம்முதியவர் கண்டறிந்ததன் காரணத்தை நூல்களிலும் கால்நடை மருத்துவரிடத்தும் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தமிழ்நாட்டிற்குக் குதிரை பெரும்பாலும் கடல்வழி வந்த செல்வமாகும். காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடலில் வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. மாணிக்கவாசகர் பாண்டியனுக்காகக் குதிரை வாங்கச் சென்ற கதையும் யாவரும் அறிந்ததே. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதியுள்ளார். குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியைச் சமைத்து ஊட்டினர் என்றும், அதனைப் பேணுமாறு அறிந்தார் அங்கு இலர் என்றும், குதிரை விற்கும் வணிகர் லாடமடிப்போரை அந்நாட்டிற்குச் செல்லவிடாமல் தடுத்தனர் என்றும் அவர் கூறுவர். பாரசீக வரலாற்றாசிரியராகிய வஸ்ஸாப் மற்றொரு செய்தி தருகின்றார். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஆண்டொன்றுக்கு 1,400 குதிரைகளை இந்நாட்டிற்கு அனுப்புவதாக ஓர் உடன்படிக்கை இருந்தது. குதிரையொன்றின் விலை 220 பொற்காசு. வழியிற் கடலில் இறந்துபடும் குதிரைக்கும் அவ்விலையை அரசனே கொடுத்தல் வேண்டும் என்பது அதிலோர் உறுப்பு.

அயல்நாட்டார் கூறும் எண்கள் சற்று மிகைபட்டிருக்கலாம். ஆயினும் இச்செய்திகளில் உறையும் உண்மை ஒன்று உண்டு. இறந்த குதிரைக்கும் விலை கிடைக்குமாயின், அதனை உயிரோடு கொண்டு சேர்ப்பதில் விற்பவனுக்கு என்ன கவலை? விரைவில் இறப்பதே அடுத்த விற்பனைக்கு வழியாகுமாயின், பேணும் முறையைக் கற்பிக்க அவன் ஏன் முன்வருவான்? இழப்பு யாரைச் சார்கின்றதோ அவரிடத்தே கவலை பிறக்கும். அக்குதிரைகளின் இழப்பு வாங்கிய அரசனைச் சார்ந்தது, அரசனோ பேணும் முறை அறிந்திலன், அறிந்தவர்க்கோ இழப்பில்லை. இவ்விருவர்க்கும் இடையே மாண்டவை வாயில்லா உயிர்கள்.

இனி, குதிரையின் உடலமைப்பிற்கு வருவோம். வழிப்பயணத்திற்குரிய விதிகள் பலவாயினும் அவையெல்லாம் நான்கு இயல்புகளினின்றே தோன்றுவன.

முதலாவது, குதிரைக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லை. அதன் உடலை நோக்க இரைப்பை மிகச் சிறியது. புல்லைச் செரிக்கும் பணி பெரும்பாலும் பின்குடலில் நடைபெறுகின்றது. சிறுகச் சிறுக நாள் முழுதும் மேய்வதற்கென அமைந்த உடல் அது. தீனி திடீரென மாறினும், நீர் குறையினும், குடல் இயக்கம் தடைப்பட்டு வயிற்றுவலி உண்டாகும். நமக்குச் சிறு தொல்லையாகிய வயிற்றுவலி குதிரைக்கு உயிர்க்கேடாய் முடிதலும் உண்டு.

இரண்டாவது, குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சு விடும். நம்மைப்போல வாயால் விட இயலாது. அது தலையைத் தாழ்த்தி மேயும்பொழுது மூச்சுக்குழலிற் சேர்ந்த தூசியும் சளியும் தாமே வெளியே வடிந்துவிடுகின்றன. தலையை உயர்த்திக் கட்டிவிட்டால் அவ்வழி அடைபடும். அவ்வாறு கட்டிய 6 முதல் 12 மணி நேரத்திற்குள்ளேயே மூச்சுக்குழலில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும் என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அவை நுரையீரலிற் சென்று தங்கின் கடுங்காய்ச்சல் உண்டாகின்றது. ஆங்கிலத்தில் ‘ஷிப்பிங் ஃபீவர்’ என வழங்கும் இந்நோயே சந்தையில் யாம் கண்ட செந்நிறக் குதிரையைக் கொன்றது போலும்.

மூன்றாவது, குதிரை பகையைக் கண்டால் ஓடிப் பிழைக்கும் விலங்கினத்தைச் சேர்ந்தது. ஓட வழியில்லாத, இருண்ட, ஒடுங்கிய இடம் அதற்கு விலங்கின் குகையை ஒக்கும். லாரியில் ஏற மறுக்கும் குதிரையை முரடு என்று வைதல் முறையன்று. அது தன் முன்னோர் தந்த அறிவின்படி நடக்கின்றது.

நான்காவது, ஓடும் வண்டியில் நிற்றல் குதிரைக்கு ஓய்வாகாது. வளைவு வருவதையும் வண்டி நிற்கப் போவதையும் அஃது அறியாமையால், ஒவ்வோர் அசைவிற்கும் கால்களைப் பரப்பியும் கழுத்தை அசைத்தும் தன்னைச் சமன் செய்துகொள்கின்றது. அவ்வுழைப்பு நடத்தலுக்கு ஏறக்குறைய நிகரானதென்பர். பத்து மணி நேரம் வண்டியில் வந்த குதிரை, பத்து மணி நேரம் நடந்த குதிரையே எனக் கொள்க.

இவ்வியல்புகளை மனத்திற்கொண்டு, புறப்படுமுன் செய்யத்தக்கன எவை என ஆராய்வோம்.

குதிரை பயணத்திற்குத் தகுதியுடையதா என்பதே முதல் வினா. அமைதியாய் நிற்கும் குதிரையின் உடல்வெப்பம் சென்டிகிரேடில் 37 முதல் 38.5 பாகை, நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இவை பொதுவான அளவுகள். உடையவர் தம் குதிரைக்குரிய அளவைப் புறப்படுமுன் சில நாள் தொடர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் நன்று. நலமுள்ள நாளின் அளவை அறியாதவர் நோயுற்ற நாளின் மாற்றத்தை எங்ஙனம் அறிவர்? குளம்பும் லாடமும் பார்க்கப்படல் வேண்டும். தளர்ந்த லாடம் வண்டியில் மற்றைக் காலைக் கிழிக்கும். விலங்குவதைத் தடைச்சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1978-இல் எழுந்த விதிகளின்படி, குதிரை பயணத்திற்குத் தகுதியுடையது, தொற்றுநோய் இல்லாதது எனக் கால்நடை மருத்துவர் அளிக்கும் சான்று வேண்டும். இதனை வெறும் காகிதமெனக் கருதுவார் உளர். ‘கிளாண்டர்ஸ்’ என்னும் நோய் குதிரையினின்றும் மனிதரையும் பற்றக்கூடியது. 1959 முதல் 1961 வரை மேற்காசியாவிலும் தென்னாசியாவிலும் பரவிய ஆப்பிரிக்கக் குதிரைநோய் மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட குதிரையின விலங்குகளை மாய்த்தது. 1960-இல் அது இந்தியாவையும் எட்டியது. ஆஸ்திரேலிய நாட்டின் நோய்த்தடுப்பு விதிகள் கடுமையாயிருந்தமையால், 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளில் குதிரையேற்றப் போட்டிகளை மட்டும் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் நடத்தினர். ஒரு குதிரையின் பயணம் ஒரு நாட்டுக் குதிரைகள் அனைத்தையும் தொடுவதாகலின், அச்சான்று பிறர்க்கு நாம் செலுத்தும் கடனாகும்.

அடுத்தது பழக்கம். பயணநாளன்று முதன்முறையாக வண்டியைக் காட்டி, கோலால் அடித்து ஏற்ற முயல்வது பெரும் பிழை. சில நாள் முன்னரே நின்ற வண்டியின் சாய்பலகையிற் கால் வைக்கப் பழக்கி, உள்ளே தீனி வைத்து உண்ணச் செய்து, ஏறியதும் இறக்கி, பின் சிறிது தொலைவு ஓட்டிக் காட்டுதல் வேண்டும். ‘உள்ளே சென்றால் மீண்டும் வெளியே வரலாம்’ என்பதைக் குதிரை தன் அனுபவத்தாற் கற்றுக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. தீனியை மாற்ற வேண்டின் பல நாளில் சிறிது சிறிதாக மாற்றுக. புறப்படும் நாளிற் கொள்ளு முதலிய தானியத்தைக் குறைத்து உலர்புல்லை மிகுதியாக்குக. குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை நீர் அருந்தும். வெயிற்காலத்தில் அதனினும் மிகும். அயலூர் நீரின் சுவை பிடியாமற் சில குதிரைகள் குடிக்க மறுத்து வாடும். ஆதலால், கூடுமாயின் ஊர் நீரையே உடன் கொள்க. இயலாதாயின் முன்னரே சிறிது சர்க்கரைப்பாகு கலந்த நீரைப் பழக்கி, வழியிலும் அவ்வாறே கொடுக்க.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுவன சிலவே. ஆயின் அவற்றுள் ஒன்றும் தள்ளத்தக்கதன்று. அடித்தளப் பலகையைக் கீழிருந்தும் பார்த்தல் வேண்டும்; மேலே நன்றாய்த் தோன்றும் பலகை சிறுநீரில் ஊறி அடியில் உளுத்திருக்கலாம். ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள விலங்கின் கால் அதனூடே இறங்கின் நேரும் கொடுமையைச் சொல்ல வேண்டுவதில்லை. தளம் வழுக்காதிருக்க விரிப்பும் வைக்கோலும் இடுக. சக்கரம், தடை, விளக்கு, தாழ்ப்பாள் ஆகியவற்றை முன்னாளே சோதிக்க. ஆணிமுனையும் கம்பிமுனையும் துருத்தாதிருத்தல் வேண்டும். காற்று உலவுதல் வேண்டும். ஆனால் முகத்தில் நேரே மோதுதல் கூடாது. இருவர்க்கு இடமுள்ள வண்டியில் ஒரு குதிரையை மட்டும் ஏற்றின், அதனைச் சாலையின் நடுப்பக்கமாக நிறுத்துக. சாலை நடுவே உயர்ந்து ஓரங்களிற் சரிவதால், எடை ஓரத்திலிருப்பின் வண்டி அப்பக்கம் சாயும்.

கட்டும் முறையே யாவற்றினும் தலையாயது. குதிரை ஏறியவுடன் முதலிற் பின்புறக் குறுக்குச்சட்டத்தைப் பூட்டுக. அதன் பின்னரே தலைக்கயிற்றைக் கட்டுக. இறக்கும்பொழுது முதலில் தலைக்கயிற்றை அவிழ்க்க. அதன் பின்னரே சட்டத்தைத் திறக்க. இவ்வொழுங்கை மாற்றினால் வருவது யாது? பின்புறம் திறந்திருப்பதை உணர்ந்த குதிரை பின்வாங்கும். தலை கட்டுண்டிருப்பதை அப்பொழுதே அறியும். அறிந்தவுடன் மருண்டு முழுவலிமையோடு இழுக்கும். கழுத்து முறிதலும், சறுக்கி விழுதலும், அருகு நிற்பார் நசுங்குதலும் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றன. கயிற்றின் முடிச்சு, முனையை இழுத்தால் உடனே அவிழ்வதாயிருத்தல் வேண்டும். கயிற்றை இரும்பு வளையத்தில் நேரே கட்டாமல், வளையத்தில் இட்ட மெல்லிய சணற்கயிற்றில் கட்டுக. இடுக்கண் வந்தவிடத்து அறுவது சணலாகுக, குதிரையின் கழுத்தாகாதொழிக. முகவார் தோலாயின் மிக நன்று. நைலான் எளிதில் அறாது. கயிற்றின் நீளம், குதிரை தலையைத் தாழ்த்தித் தும்முதற்குப் போதியதாயும், கால் சிக்குதற்குப் போதாததாயும் இருத்தல் வேண்டும். சாய்பலகைக்கு நேர்பின்னே ஒருவரும் நிற்றல் கூடாது, பக்கத்தே நிற்க.

வழியில் நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் நிழலில் நிறுத்தி, நீர் காட்டித் தலையைத் தாழ்த்தவிட்டு, அரைமணி நேரம் இளைப்பாற்றுதல் நல்லோர் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தார் இயற்றிய சட்டம், பொதுவாக ஏற்றிச் செல்லப்படும் குதிரைகட்கு எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் நீர் காட்டுக எனவும், 24 மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து கொண்டு செல்லற்க எனவும் விதிக்கின்றது. இது சட்டம் பொறுக்கும் எல்லை. அன்புடையார் அவ்வெல்லை வரை செல்லார். நம் நாட்டு வெயிலில் நண்பகற் பயணத்தை நீக்கி, இரவிலோ விடியலிலோ செல்லுதல் தக்கது. நின்ற வண்டியின் உள்வெப்பம் ஓடும் வண்டியினும் விரைவில் ஏறும் என்பதையும் மறவற்க. வண்டியோட்டி, நீர் நிறைந்த குடத்தை மூடியின்றி வைத்துக்கொண்டு ஓட்டுவான்போல ஓட்டுதல் வேண்டும்.

ஊர் சேர்ந்தவுடன் வேலை முடிந்ததென எண்ணற்க. நுரையீரற் காய்ச்சல் பயணத்தின் பின் இரண்டு மூன்று நாள் கழித்தும் வெளிப்படும். ஆதலால் மூன்று நாளேனும் காலையும் மாலையும் உடல்வெப்பம் பார்த்து, முன்னர்க் குறித்த அளவோடு ஒப்பிடுக. மெல்ல நடத்துக; உலர்புல்லைத் தரையில் இட்டுத் தலை தாழ்த்தி உண்ணச் செய்க; தானியத்தைப் பின்னர்க் கொடுக்க; புதிய குதிரையைப் பழைய குதிரைகளோடு உடனே சேர்க்காதொழிக. தீனி மறுத்தல், மூச்சு விரைதல், மூக்கு வடிதல் ஆகிய மூன்றனுள் ஒன்று தோன்றினும் ‘வழிக்களைப்பு’ எனத் தள்ளாது மருத்துவரை அழைக்க. அந்த ஒரு சொல்லாலேயே செந்நிறக் குதிரைக்கு மூன்று நாள் வீணாயின.

இவ்விதிகளைத் தம் வாழ்வால் விளக்கிய இருவரைக் குறித்து இக்கட்டுரையை முடிப்போம். சுவிட்சர்லாந்திற் பிறந்து அர்ஜென்டினாவில் ஆசிரியராயிருந்த ஷிஃபெலி என்பார், 1925-இல் போனஸ் அயர்ஸ் நகரினின்றும் ‘மாஞ்சா’, ‘காட்டோ’ என்னும் இரு குதிரைகளோடு புறப்பட்டு, 1928-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளை அடைந்தார். அவர் அழகிய உயர்சாதிக் குதிரைகளைத் தேடவில்லை; வறண்ட வெளியிலும் குளிரிலும் வளர்ந்து உரமேறிய ‘கிரியோல்யோ’ இனத்தையே தேர்ந்தார். இரு குதிரைகளும் உயிரோடு தம் நாடு மீண்டன.

மற்றவர் ஸ்காட் என்பாரின் தென்துருவக் குழுவில் குதிரைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஓட்ஸ். 1910-ஆம் ஆண்டு நவம்பரில் நியூசிலாந்தினின்றும் புறப்பட்ட ‘டெர்ரா நோவா’ என்னும் கப்பலில் 19 மட்டக்குதிரைகள் இருந்தன. டிசம்பர் முதல் நாட்களில் பெரும்புயல் தாக்கியது. ஓட்ஸ், மருத்துவர் அட்கின்சனோடு சேர்ந்து, விழும் குதிரைகளைத் தாங்கி எழுப்பி இரவெல்லாம் உழைத்தார். இரண்டு இறந்தன, பதினேழு கரை சேர்ந்தன. ஆயினும் அவற்றுட் பல முன்னரே முதுமையுற்றவை, தளர்ந்தவை என்பது ஓட்ஸின் வருத்தம். அவற்றைத் தேர்ந்தவர் அவரல்லர். அக்குதிரைகளில் ஒன்றும் பனிநாட்டினின்று மீளவில்லை. தகுதியில்லாத பயணத்தை வழியிற் காட்டும் அன்பு மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதனினும் வருந்தத்தக்க சான்று வேண்டுமோ?

பாண்டியன் கொடுத்த 220 பொற்காசில் குதிரையின் விலை அடங்கிற்று. குதிரையின் உயிர் அடங்கவில்லை. உயிரின் இழப்பைத் தன் இழப்பாகக் கொள்பவனே முன்னாளே பலகையைத் தட்டிப் பார்ப்பான். கயிற்றின் நீளத்தை அளப்பான். நள்ளிரவில் வண்டியை நிறுத்தி நீர் காட்டுவான். நல்லவன் தன் விலங்கின் உயிரையும் பேணுவான் என்று விவிலிய நீதிமொழிகளிற் சிறு வகுப்பிலேயே கற்றோம். அதன் பொருளை முற்ற உணர்ந்தது ஒரு சந்தையின் புழுதியில், மூச்சுக்குப் போராடிய ஒரு குதிரையின் முன்னரே. இதனைப் படிப்பார் எவரேனும் என்றேனும் ஒரு குதிரையொடு வழிச்செல்ல நேரின், அதன் தலைக்கயிற்றைச் சிறிது நீட்டிக் கட்டுவாராயின், எம் சிறு முயற்சி பயனுடையதாகும்.